புங்க நிழலில் ஒரு வயலட்

கல்லூரி முதலாண்டில் வேர்ட்ஸ்வொர்த்தின் லூசி கவிதைகள் எங்களுக்குப் பாடமாக இருந்தன. அவற்றுள் ஒன்றில் கவிஞர், யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்து மறைந்த அந்தப் பெண்ணை வயலட் பூவுக்கு ஒப்பிடுகிறார். வயலட் என்பது ஊதா நிறமுள்ள ஒரு சிறு பூ, குளிர்நாடுகளில் வளர்வது என்று ஆசிரியர் சொன்னார், எழுதிக்கொண்டோம். தேர்வில் அதை அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்த வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே, மைதானத்தின் ஓரத்துப் புல்லில், அதே குடும்பத்தைச் சேர்ந்த செடியொன்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் பூத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆசிரியரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அந்தச் செடியின் பெயர் ஓரிதழ்த்தாமரை. பெயரைக் கேட்டதும் நண்பர்களில் சிலர் புன்னகைத்திருக்கக்கூடும். நாட்டு மருந்துக் கடைகளில் எந்தப் பொட்டலத்தின் மேல் அந்தப் பெயர் அச்சாகிறது, பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் எந்தக் குறைபாட்டுக்கு அது தீர்வாகச் சொல்லப்படுகிறது என்பதெல்லாம் தமிழ்நாட்டில் சிறுவர்களுக்கும் தெரியும். வடக்கே அதன் பெயரே ரத்தன்புருஷ், புருஷர்களுக்கான ரத்தினம். ஆனால் பொட்டலத்துக்குள் இருக்கும் அந்தப் பழுப்புத்தூள் உயிரோடிருந்தபோது எப்படி இருந்தது, அதன் பூவின் நிறம் என்ன என்று கேட்டால் பதில் வராது. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பத்தில் எட்டுப் பேர் அது குளத்தில் வளரும் ஒருவகைத் தாமரை என்றார்கள். இந்தக் கட்டுரை அந்த எட்டுப் பேரைப் பற்றியது. அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

என் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் எங்கள் வீட்டின் பின்புறம் இரண்டு புங்கமரங்களும் ஒரு வேம்பும் உண்டு. வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆற்றில் நீரில்லை, மலையில் மரமில்லை, கோட்டையில் அரசனில்லை, கோயிலில் சாமியில்லை என்று இந்த ஊரைக் கேலி செய்யும் பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். (கடைசிக் குறை 1981இல் தீர்ந்தது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பிவிட்டார். மற்றவை அப்படியேதான்.) இப்படிப்பட்ட ஊரில் மூன்று மரங்களின் நிழல் என்பது ஒரு செல்வம். அந்த நிழலில் ஏதேனும் பூக்கவேண்டும் என்ற ஆசையில் நான் முதலில் செய்தது, வேர்ட்ஸ்வொர்த் படித்த எவனும் செய்யக்கூடியதுதான். நீலகிரி சென்றபோது ஒரு நாற்றுப்பண்ணையில் நறுமண வயலட் செடிகள் நான்கை வாங்கிவந்தேன். தை, மாசி மாதங்களில் அவை இருந்தன. பங்குனியில் இலை சுருண்டது. காலையும் மாலையும் நீர் தெளித்தேன், ஈரச்சாக்கு கட்டினேன். அக்கினி நட்சத்திரம் தொடங்குமுன்பே நான்கும் போய்விட்டன.

போனது நியாயம் என்றே இப்போது தோன்றுகிறது. தமிழ்நாட்டிலும் அசலான வயலட்டுகள் உண்டு. நீலகிரியிலும் பழனிமலையிலும் சோலைக்காட்டு ஓரங்களில், ஈரமும் இலைமட்கும் உள்ள இடங்களில், வயோலா பேரினத்துச் சிற்றினங்கள் சில இயற்கையாகவே வளர்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு மட்டுமே உரிய ஒரு வண்ணத்துப்பூச்சி தன் முட்டைகளுக்காக அந்த வயலட்டுகளைத் தேடிச்செல்கிறது. அவற்றுக்கு அந்தக் குளிரும் மூடுபனியும் வேண்டும். காட்பாடிச் சந்திப்பின் தண்டவாளத் தகிப்பிலிருந்து ஒரு மைல் தொலைவில் அவற்றை வாழச்சொல்வது பிடிவாதம். நான் செய்த பிடிவாதத்துக்கு அந்த நான்கு செடிகள் விலை கொடுத்தன.

அதே ஆண்டு ஐப்பசியில், ரயில்வே நிலத்தை ஒட்டிய மேய்ச்சல் திடலில் வயதான அம்மா ஒருவர் குனிந்து எதையோ பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். கீரையா என்று கேட்டேன். ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு சாண் உயரம். ஈட்டிபோல் ஒடுங்கிய இலைகள். இலையிடுக்கிலிருந்து நூல்போன்ற காம்பில் தொங்கும் ஒற்றைப் பூ. பூவென்றால் ஒரே ஓர் இதழ்தான் கண்ணுக்குத் தெரிகிறது, சிறுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில். 'ஓரிதழ்த்தாமரை சாமி, மருந்து' என்றார். வேரோடு வேண்டுமா, தழை போதாதா என்றேன். 'வேர் இல்லாம கடைக்காரன் எடுக்கமாட்டான்' என்றார். சாக்கு பாதி நிறைந்திருந்தது.

அன்று மாலை பூவைப் பிரித்துப் பார்த்தேன். இதழ் ஒன்றல்ல, ஐந்து. நான்கு மிகச்சிறியவை, உள்ளே ஒடுங்கியிருப்பவை. ஐந்தாவது, கீழே இருப்பது, மற்றவற்றின் பங்கையும் தானே எடுத்துக்கொண்டதுபோலப் பரந்து விரிந்திருக்கிறது. வரும் பூச்சிக்கு அது ஒரு திண்ணை. வயலட் பூவின் அமைப்பும் இதுதான். அங்கும் கீழிதழே பூச்சிகளின் இறங்குதளம். நம் செடியில் அந்தக் குணம் மிகுந்து மற்ற இதழ்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. தமிழ்ப்பெயரை வைத்தவர் யாரோ, அவர் கண் கூர்மையானது. அவர் மருந்துத்தூளைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, பூவைப் பார்த்து வைத்திருக்கிறார்.

இதை வயலட் என்று அழைப்பது என் கற்பனையும் அன்று. 1753இல் லின்னேயஸ் தம் புகழ்பெற்ற நூலில் இச்செடியை வயோலா என்ற பேரினத்திலேயே வைத்து, வயோலா என்னியாஸ்பெர்மா, அதாவது ஒன்பது விதை வயலட், என்று பெயரிட்டார். அதற்கு முன்பே, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டூஸ் மலபாரிகுஸ் நூலில் மலையாளப் பெயருடன் இதன் படம் இடம்பெற்றிருக்கிறது. பிற்காலத்துத் தாவரவியலாளர்கள் அதை அயோனிடியம் என்றும் ஹைபாந்தஸ் என்றும் பேரினம் மாற்றினார்கள். அண்மை ஆண்டுகளில் அதுவும் மாறிவருகிறது. ஆனால் வயலட் குடும்பத்திலிருந்து அதை யாரும் வெளியேற்றவில்லை. வேதியியலும் அந்த உறவை உறுதிசெய்கிறது. வயலட் குடும்பத்துச் செடிகளில் பரவலாகக் காணப்படும் சைக்ளோடைடுகள் என்ற வளையவடிவப் புரதத்துணுக்குகள், தொடக்கமும் முடிவும் இல்லாமல் வாலைக் கவ்விய பாம்புபோல் இருப்பவை, ஐரோப்பிய நறுமண வயலட்டிலும் இருக்கின்றன, நம் ஓரிதழ்த்தாமரையிலும் இருக்கின்றன. அந்த அம்மாவின் சாக்கில் இருந்தது லூசியின் ஒன்றுவிட்ட தங்கைதான்.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. எங்கள் தோல்பட்டை ஊர்களில், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும், உருது பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. யுனானி மருத்துவமும் அவர்களோடு வாழ்கிறது. யுனானி மருந்துக் கடையில் சளிக்கும் இருமலுக்கும் பனஃப்ஷா கேளுங்கள். காய்ந்து நிறமிழந்த பூக்களும் தழையும் கலந்த ஒரு பொட்டலம் கிடைக்கும். பனஃப்ஷா என்பது வயலட். காஷ்மீரிலும் இமயச்சாரலிலும் பறிக்கப்பட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பாலாற்றங்கரைக்கு வந்து ஜோஷாந்தாவில் கொதிக்கிறது. பாரசீகக் கவிதை மரபில் பனஃப்ஷா ஒரு நிலைபெற்ற படிமம். தலைகவிழ்ந்த அதன் தோற்றத்தைத் துயருக்கும், அதன் சுருளைக் காதலியின் கூந்தலுக்கும் ஒப்பிடுவார்கள். அந்த மரபு உருதுவுக்கும் வந்தது.

ஆக, இருபத்தைந்து கல் சுற்றளவுக்குள் மூன்று வயலட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஆங்கிலப் பாடநூலில் அச்செழுத்தாக. ஒன்று யுனானிக் கடையில் உலர்ந்த சரக்காக. மூன்றாவது தமிழ்ப்பெயரோடு மண்ணில் உயிரோடு. மூன்றையும் அறிந்த மனிதர்கள் ஒரே ரயிலில் எதிரெதிர் இருக்கைகளில் அமர்ந்து சென்னைக்குப் போய்வருகிறார்கள். ஒருவருடைய பூவும் மற்றவருடைய பூவும் உறவு என்று அவர்களுக்குத் தெரியாது. நம் இலக்கியவாதிகளுக்கும் தெரியாது என்பதுதான் எனக்கு உறுத்தல். ஆங்கிலக் கவிதையை மொழிபெயர்க்கும்போது வயலட்டை 'ஊதாப்பூ' என்று எழுதிவிடுகிறோம். ஊதா ஒரு நிறம், கத்தரிப்பூவும் ஊதாதான். அந்தப் பூ ஏன் அங்கே வந்தது, எதற்காக அது குனிந்திருக்கிறது, எந்த நிழலில் வளர்கிறது என்பவை அத்தனையும் அந்த ஒரு சொல்லில் தொலைந்துபோகின்றன. மொழிபெயர்ப்பாளர் ஓரிதழ்த்தாமரை என்று எழுதவேண்டும் என நான் சொல்லவரவில்லை. எழுதினால் வாசகர் குளத்தைத்தான் நினைப்பார். வயலட் என்றே எழுதட்டும். ஆனால் எழுதுகிறவர் ஒருமுறையேனும் அதன் உறவினரை முட்டிபோட்டுப் பார்த்திருந்தால் சொல்லைச் சுற்றியுள்ள வரிகள் வேறாக அமையும் என்பது என் எண்ணம்.

குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை நாம் மேடைகளில் பெருமையோடு சொல்லிக்காட்டுகிறோம். அந்தப் பட்டியலில் ஓரிதழ்த்தாமரை இல்லை. இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. பட்டியலில் உள்ள பூக்களில் பத்தையாவது செடியில் வைத்து அடையாளம் காட்டக்கூடிய தமிழாசிரியர்கள் எத்தனைபேர் என்பதை அவரவர் அனுபவத்துக்கே விட்டுவிடுகிறேன். பட்டியலில் உள்ள ஆவிரை எங்கள் பக்கத்தில் வேறொரு வரலாறு உடையது. தோல் பதனிடுவதற்கு இப்பகுதியில் பெரிதும் பயன்பட்டது ஆவாரம் பட்டைதான். ஆவாரைக்கு ஆங்கிலப் பெயரே தோல் பதனிடுவோரின் கொன்றை என்பது. பின்னர் வாட்டில் பட்டை கப்பலில் வந்தது, அதற்கும் பிறகு குரோமிய உப்பு வந்தது. குரோமியத்தின் கதையை உச்ச நீதிமன்றம் 1996இலும், மறுபடி 2025 ஜனவரியிலும் தீர்ப்புகளாக எழுதியிருக்கிறது. பாலாற்றங்கரை மண்ணைப் பற்றி நாங்கள் பேசுவதெல்லாம் அந்தத் தீர்ப்புகளின் மொழியிலேயே அமைந்துவிட்டது: இழப்பீடு, கழிவு, கெட்டுப்போன ஏக்கர்கள். பேசவேண்டியதுதான். ஆனால் அந்த மண்ணில் இன்னும் என்ன முளைக்கிறது என்பதைப் பேசுவதற்கு எங்களிடம் சொற்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஆவாரையை இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. சித்த மருத்துவம் பயின்ற நண்பர் ஒருவரிடம் ஓரிதழ்த்தாமரை பற்றிப் புலம்பியபோது அவர் மறுத்தார். மருந்தென்று பெயரெடுத்ததால்தான் அதற்கு ஒரு பெயராவது மிஞ்சியிருக்கிறது. பயன் இல்லாத செடியை நம் மக்கள் களை என்று சொல்லிக் கொளுத்திவிடுவார்கள். ஆகவே பயன்தான் காவல் என்றார். இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெயர் பிழைத்ததில் வைத்தியர்களுக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் பிழைப்பது வேறு, செடி பிழைப்பது வேறு. ஆவாரை இன்றும் எங்கள் வறண்ட திடல்களில் மஞ்சளாகப் பூத்துக்கிடக்கிறது. ஆடுமாடுகள் அதை விரும்பிக் கடிப்பதில்லை; வேர் தரையில் நிற்கும்வரை வெட்டினாலும் துளிர்க்கிறது. பட்டைக்காக வெட்டிய காலத்திலும் பட்டை வேண்டாமென்றான பிறகும் அதன் பிழைப்புக்கு அதுவே துணை. தொழில் அதற்குக் காவல் நின்றதாக நான் அறியேன்.

ஓரிதழ்த்தாமரைக்கு அந்த வசதியும் இல்லை. மருத்துவத்தில் கேட்கப்படுவது சமூலம். இலை, தண்டு, பூ, காய், வேர் எல்லாம் சேர்ந்த முழுச்செடி. மூலிகை பறிப்பவர்களுக்குப் பூவோடிருக்கும் செடியை அடையாளம் காண்பது எளிது. ஆகவே பூக்கும்போதே பிடுங்குகிறார்கள். காய் முற்றி விதை சிதறுவதற்குள் செடி சாக்கில். சும்மா விட்டால் ஒரு கோடைக்கு மேல்பாகம் காய்ந்துபோனாலும் அடிவேரிலிருந்து மறுமழைக்குத் துளிர்க்கக்கூடிய செடி இது. வேரையும் எடுத்துவிட்டால் இந்த ஆண்டின் செடியும் போயிற்று, அடுத்த ஆண்டின் விதையும் போயிற்று. பிடுங்கிய அம்மாவின் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஒரு சாக்குச் செடி காய்ந்தால் கைப்பிடி எடைதான் நிற்கும். அதற்கு அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. என் வருத்தம், அந்தத் தூளை வாங்கிப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, இச்செடியை அறிந்துவிட்டதாக நினைக்கும் நம்மீது.

ஆகவே நான் சொல்லவருவது இதுதான்: ஓரிதழ்த்தாமரையை வீட்டு நிழலில் வளர்க்கவேண்டும், அதைப் பார்ப்பதற்காகவே வளர்க்கவேண்டும். சாப்பிடுவதற்காக அல்ல. ரோஜாவையும் செம்பருத்தியையும் வளர்க்கும்போது எந்த நோய்க்கு என்று யாரும் கேட்பதில்லை. நாட்டுச்செடி என்றவுடன் மட்டும் 'எதற்கு நல்லது?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை ஒருமுறையேனும் கேட்காமல் ஒரு நாட்டுப்பூவின் முன்னால் உட்கார முடியுமா என்பது எனக்கு ஒரு பயிற்சியாகவே ஆகிவிட்டது.

வளர்ப்பது எளிதில்லை. திசு வளர்ப்பு ஆய்வாளர்களும் இதன் விதை முளைப்பு மந்தம் என்று குறைப்படுகிறார்கள். நான் முதலில் திடலிலிருந்து இளஞ்செடிகளை மண்ணோடு பெயர்த்துவந்தேன். ஆணிவேர் எங்கோ அறுந்திருக்கும்; ஒன்றைத்தவிர எல்லாம் வாடின. (பிடுங்காதே என்று எழுதுகிறவனே பிடுங்கிய கதை இது, மறைக்க விருப்பமில்லை.) பிறகுதான் விதைக்குப் போனேன். காய் மிளகளவு உருண்டை. முற்றும்போது நிறம் வெளிறி மூன்று பிளவாகத் திறந்து மூன்று சிறு படகுகள்போல் விரிகிறது. உள்ளே வெளிர்மஞ்சள் நிறத்தில் விதைகள் வரிசையாக இருக்கும். படகின் இரு கரைகளும் காயக்காய நெருங்கி, விதையைப் புளியங்கொட்டையை விரலிடுக்கில் பிதுக்குவதுபோலத் தெறிக்கவிடுகின்றன. வயலட் குடும்பத்தில் பல செடிகளுக்கு உள்ள வித்தை இது. திறந்த காயைப் பார்த்துவிட்டுக் காகிதம் எடுக்க உள்ளே போய்வந்தால் காய் காலியாக இருக்கும். முற்றும் தறுவாயில் மெல்லிய துணியால் காயைக் கட்டிவைப்பதே வழி. லின்னேயஸ் சொன்ன ஒன்பது, நான் எண்ணிய காய்களில் சிலவற்றில்தான் சரியாக வந்தது. அவரும் எல்லாக் காயையும் எண்ணியிருக்கமாட்டார்.

விதைத்து முதல் மழைக்கு ஒன்றுமே வரவில்லை. மறந்துவிட்டேன். அடுத்த ஆண்டு ஆவணியில் பெய்த மழைக்குப் பிறகு, விதைத்த இடத்தைவிட்டு இரண்டடி தள்ளிப் பதினொரு நாற்றுகள். எங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையின் கடைசிப் பகுதியும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைக்கும். ஆவணி முதல் கார்த்திகை வரை இந்தச் செடிக்கு நல்ல காலம். நிழல் என்றேன், கும்மிருட்டு நிழல் அதற்குப் பிடிக்காது. வேம்பின் இடுக்குவழியாக விழும் புள்ளி வெயில், தென்னந்தோப்பின் அரைநிழல், புங்கமரத்தின் விளிம்பு, இவையே அதன் இடம். புங்கமரம் மாசி பங்குனியில் இலையைக் கொட்டிப் புதுத்தளிர் விடுகிறது. அந்தச் சருகை அங்கேயே கிடக்கவிட்டால் மழைக்குள் நல்ல மட்காகிறது. உரம் ஒன்றும் வைக்கவில்லை. நீர் தேங்காமலிருந்தால் போதும். அதே நிழலில் நிலவேம்பும் கீழாநெல்லியும் தாமாக வந்தன. கனகாம்பரத்தை நட்டேன், பூக்கடைகளில் கட்டுக்கட்டாகப் பார்ப்பதால், அதுவும் இந்த நாட்டுக் காடுகளின் நிழற்செடி என்பதை நாம் மறந்துவிட்டோம்.

கடினமான பகுதி செடியில் இல்லை, துடைப்பத்தில் இருக்கிறது. மரத்தடியைப் பெருக்கி மொழுக்கென்று வைப்பது நம் வீடுகளின் ஒழுக்கம். அதைப் பழமைவாதம் என்று ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. சருகுக்குள் பாம்பு இருக்கும் என்ற பயம் இந்த ஊரில் கற்பனை அன்று. எங்கள் வீட்டிலேயே இதுகுறித்து ஒரு மழைக்காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. இறுதியில் வீட்டுப்படியிலிருந்து பத்தடிவரை துடைப்பத்தின் ஆட்சி, அதற்கப்பால் சருகின் ஆட்சி என்று எல்லை போட்டுக் கற்கள் அடுக்கினோம். இருட்டியபின் எல்லைக்கப்பால் விளக்கில்லாமல் போவதில்லை. மூன்றாண்டுகளாக அந்த உடன்படிக்கை நிற்கிறது. ஆனால் காந்தி நகர் போன்ற பழைய குடியிருப்புகளில் நான் பார்ப்பது வேறு. மரம் நின்ற வீடு அடுக்ககமாகிறது. மரத்தை விட்டுவைத்தாலும் அடிவரைக்கும் சிமெண்டுக்கல் பாவிவிடுகிறார்கள். மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, நிழலுக்குக் கீழே மண் இல்லை. வண்டி நிறுத்த நிழல் வேண்டும் என்பது புரிகிறது. ஒரு மூலையில் நான்கு கல்லைப் பெயர்த்துவைத்தால் குடி முழுகிவிடாது.

இந்த ஆண்டு கார்த்திகையில்தான் சோதனை வந்தது. பதினொன்று இருபத்தாறாகி, காலையில் எழுந்துபோனால் புல்லுக்குள் ஊதாப் பொட்டுகளாகத் தெரியும் நிலைக்கு வந்திருந்தன. என் மூக்குக்கு எட்டிய மணம் எதுவும் இல்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை. ஒருநாள் செடிகளைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறச் சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் அவசரமேயில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. மகிழ்ந்தேன். பத்து நாளில் முள்முள்ளாக உடல்கொண்ட புழுக்கள் இலைகளைத் தின்னத் தொடங்கின. ஆங்கிலத்தில் டானி காஸ்டர் என்று பெயருள்ள பூச்சி அது. வேலியோரச் சிறுபூனைக்காலிக் கொடியில் அதன் புழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கொடி அமெரிக்காவிலிருந்து வந்தது. வண்ணத்துப்பூச்சியோ இந்த மண்ணின் பழங்குடி. கொடி வருவதற்குமுன் அதற்குச் சோறிட்ட செடிகளில் ஓரிதழ்த்தாமரையும் ஒன்று. அதன் அறிவியல் பெயர் நெடுங்காலம் அக்ரேயா வயோலே என்றே வழங்கியது. வயலட்டுக்குரியது என்று பொருள். 2012இல் அது ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் முதன்முதலாகத் தென்பட்டபோது, அங்கே அது பற்றிக்கொண்டது அந்நாட்டிலும் வளரும் இதே செடியைத்தான். கடல்தாண்டிப் போயும் அது உறவினர் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

பக்கத்துவீட்டு அக்கா வேப்பெண்ணெய்க் கரைசலைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் தோட்டத்துக் கத்தரிக்கு அது கைகண்டது. குப்பியை வாங்கித் திண்ணையில் வைத்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியில்லை என்றால் மிகையாகத் தோன்றும், உண்மை அதுதான். மூன்றாண்டு உழைப்பு இருபத்தாறு செடிகளாக நிற்கிறது, காலையில் அது இருபதாக இருக்குமா, பத்தாக இருக்குமா தெரியவில்லை. பயனுக்காக வளர்க்கிறவன் அடித்துவிடுவான், அடிப்பதில் தவறும் இல்லை. நான் பார்ப்பதற்காக வளர்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். பார்ப்பது என்றால் பூவை மட்டுமா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

கரைசலைத் தெளிக்கவில்லை. ஒன்பது செடிகள் வெறும் குச்சியாயின. நான்கு முழுதும் போயின. மற்றவற்றை ஏனோ புழுக்கள் தொடவில்லை. குச்சியான ஒன்பதில் ஐந்து மார்கழிப் பனியில் அடியிலிருந்து துளிர்த்திருக்கின்றன. வெளிறிய கூட்டுப்புழுக்கள் மூன்று, எல்லைக்கல்லின் அடியில் தொங்குகின்றன. பக்கத்துவீட்டு அக்கா தினமும் காலையில் சுவர்மேலாக எட்டிப் பார்த்து, பிறந்துவிட்டதா என்று விசாரிக்கிறார்.